சிவப்புப் புள்ளி விழாத ஊர்

மயங்கிக் கிடந்த சிறுத்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்த என் விரல்கள் ஈரமாயின. முதலில் இரத்தம் என்றுதான் நினைத்தேன். இரவெல்லாம் கூண்டுக் கம்பியில் முட்டியதில் அதன் மூக்கும் நெற்றியும் கிழிந்திருந்தன. தையல் போடத்தான் மயக்க ஊசி கொடுத்திருந்தேன். கையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தபோது இரத்தம் இல்லை, பால்.

"குட்டி போட்டிருக்கு," என்றேன்.

வனத்துறை ரேஞ்சர் குனிந்து பார்த்தார். தச்சநல்லூர்க்காரர், சின்ன வயது, எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் நம்புவார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம்."

"இதுக்கு மேல நல்லாப் பாக்கணும்னா நீரே கறந்து பாரும்வே."

கோபம் வந்தால் என் வாயில் மரியாதை நிற்காது. பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டில் பிறந்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தும் அது மட்டும் மாறவில்லை. நான் கால்நடை மருத்துவர். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் வேலை. பாபநாசம் மலையடிவாரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு சிறுத்தையும் என் தலையில் விழுந்தது.

காம்புகளைச் சுற்றி வயிறு கெட்டிப்பட்டுச் சூடாக இருந்தது. முந்தின ராத்திரி கூண்டில் விழுந்ததிலிருந்து குட்டிகள் பால் குடிக்கவில்லை என்று அர்த்தம். பிடிபடும் சிறுத்தையைப் பொழுது சாய்வதற்குள் வண்டியில் ஏற்றி, அணைக்கு மேலே அடர்ந்த காட்டுக்குள் விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. விட்டுவிட்டால் குட்டிகள் எங்கேயோ கத்திக் கத்திச் சாகும். இல்லையென்றால் யார் கையிலாவது கிடைக்கும், அதுவும் சாவுதான். சாயந்திரத்துக்குள் குட்டிகளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

வாழைத் தோட்டத்துக்கு வெளியே கால்வாய்க் கரை நெடுக ஜனம் நின்றது. "எத்தன புடிச்சாலும் வந்துக்கிட்டேதான இருக்கு! இன்னும் நாலு கூண்டு வைங்க," என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த 'எத்தன' என்ற வார்த்தைதான் பல மாதங்களாக என்னைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. எத்தனை சிறுத்தை இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் மலைகளில் மலைச்சிங்கம் என்று ஒரு பெரிய பூனை உண்டு. அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு அதை வேட்டையாடலாம். பல இடங்களில், கொன்றவர் அதைக் கொண்டுவந்து அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள், பல்லைப் பிடுங்கி வயதைக் கணிப்பார்கள். காட்டுக்குள் ஒளிந்து திரியும் மிருகத்தை எண்ண முடியாது என்பதால், செத்ததை வைத்து இருப்பதை அறிந்துகொள்ளும் வழி அது. முதலில் மாட்டுவது ஊர் சுற்றும் இளம் ஆண்கள்தாம். பிறகு வயதான ஆண்கள். தாய்கள் மாட்ட ஆரம்பித்துவிட்டால் கை மீறிப் போகிறது, நிறுத்திக்கொள் என்று பொருள். இதையெல்லாம் வாசித்துவிட்டு, வேட்டையே இல்லாத நம் ஊரில் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். நம்மிடம் கூண்டு இருந்தது, கடிபட்டுச் செத்த ஆடுகள் இருந்தன.

அப்படித்தான் என் அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் ஏறியது. சிறுத்தை ஆட்டைக் கொன்றதாக மனு வந்தால் நான் போய்ப் பார்ப்பேன். கழுத்தில் பல் பதிந்த அகலத்தை அளப்பேன். நாய் கடித்ததைச் சிறுத்தை என்று சொன்னால் திட்டிவிட்டு வருவேன். சிறுத்தைதான் என்றால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பேன். கல் குவாரியைச் சுற்றிப் புள்ளிகள் அம்மை போட்டது மாதிரி மண்டிக் கிடந்தன. கால்வாயைத் தாண்டி, மாடன் கோயிலை ஒட்டிய சின்ன ஊரில் மட்டும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. சிறுத்தை கால்வாயைத் தாண்டாது என்று நான் கூட்டங்களில் குச்சியை வைத்துக் காட்டிப் பேசியிருக்கிறேன்.

கூண்டில் முதலில் விழுந்தது ஓர் இளம் ஆண். அடுத்தது பல் தேய்ந்த கிழட்டு ஆண். இப்போது இந்தத் தாய். கண்ணுக்கு முன்னால் கணக்கு அபாயத்தைக் காட்டியது.

புள்ளி மண்டிய இடத்தில்தானே தேட வேண்டும்? குவாரிக்குப் போனோம். ரேஞ்சரும் வனக்காவலர்களும் பாறை இடுக்குகளில் குனிந்து குனிந்து தேடினார்கள். நான் மேலே நின்றுகொண்டு காதைத் தீட்டிவைத்தேன். ஆனி மாதக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மலையில் சாரல் இறங்குவது தெரிந்தது. ஒரு கீச்சு, ஒரு முனகல் இல்லை. பழைய எலும்புகள் கிடைத்தன. சிறுத்தை தங்கிய தடமே கிடையாது.

ரேஞ்சரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "கிளம்பியாச்சா, கிளம்பியாச்சா" என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, "இதோ சார்," என்றார்.

"குட்டி கெடைக்காம வண்டி நகரக் கூடாது," என்றேன்.

"எனக்கும் ஆசைதான் மேடம். எங்கனன்னு தேட? மலையே கெடக்கு."

திரும்பி வந்தபோது சிறுத்தைக்கு மயக்கம் தெளிந்திருந்தது. கூண்டின் மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தோம். உள்ளே அது உறுமவில்லை. ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது. இரைக்காகக் கட்டியிருந்த செவலை ஆடு, தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு நடுங்கிக்கொண்டிருந்தது. கூண்டுத் தரையில் சிறுத்தை கழித்திருந்தது. பழக்க தோஷத்தில் ஒரு குச்சியை உள்ளே விட்டு அதை இழுத்துக் கிளறினேன்.

கறுப்பு மயிர். செவலை ஆட்டுடையது இல்லை, அதற்கு முன்னால் தின்ற வேறு ஓர் ஆட்டுடையது. இரண்டு மூன்று நாளுக்குள் தின்றிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் எனக்குக் கறுப்பு ஆடு போனதாக எந்த மனுவும் வரவில்லை. இன்னும் கிளறினேன். மயிருக்குள் சுருண்டு ஒரு துண்டு நூல் கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மஞ்சள் நூல்.

"ஆட்டுக் கழுத்துல எதுக்கு மஞ்சக் கயிறு?" என்று கேட்டேன்.

ரேஞ்சரும் ஜீப் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நேர்ந்துவிட்ட கிடா மேடம்," என்றார் ரேஞ்சர் மெதுவாக.

ஆடி மாதம் நடக்கும் கோயில் கொடை விழாவில் வெட்டுவதற்காக மாடனுக்கென்று கிடாயை நேர்ந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, மீதியை ரேஞ்சர்தான் சொன்னார். மற்ற ஆடுகளை ராத்திரி பட்டியில் அடைப்பார்கள். நேர்ந்துவிட்டதை யாரும் கட்டக் கூடாதாம், விரட்டக் கூடாதாம். யார் வயலில் மேய்ந்தாலும் கேட்க ஆளில்லை. கோயிலைச் சுற்றியே திரிந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். சிறுத்தைக்கு அதைவிட லகுவான இரை ஏது?

"அது செத்தா ஏன் மனு வரல?"

"சாமி எடுத்துக்கிட்டாருன்னுல்லா சொல்லுவாங்க. சாமி எடுத்ததுக்கு யாரு மேடம் நஷ்டஈடு கேப்பா? பாவம்லா," என்றார் ரேஞ்சர். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. அவர் வீட்டிலும் நேர்ந்துவிடுகிறவர்கள்தாம். தான் அறிந்த வழக்கத்தையும் என் வரைபடத்தையும் அவர் ஒருநாளும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

"அட நாசமாப் போச்சு! இத இத்தன நாளா சொல்லாம என்னத்தவே செஞ்சீரு?" என்று கத்தினேன். யாரைத் திட்டி என்ன? மனு வந்தால் புள்ளி, வராவிட்டால் வெள்ளை என்று வைத்துக்கொண்டது நான்தான். வேட்டைக்காரன் நுழையாத பள்ளத்தாக்கில் செத்த மிருகம் கணக்கில் வராது, அதனால் அங்கே மிருகமே இல்லை என்று எண்ணிவிடாதே என்று நான் வாசித்த அந்த அமெரிக்கப் புத்தகங்களிலேயே எழுதியிருந்தது. என் சுவரில் வெள்ளையாகக் கிடந்த ஒரே இடம் மாடன் கோயில். "வண்டிய எடுங்க," என்றேன்.

ஊரில் விசாரித்ததும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் நின்ற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் மாவு. உள்ளே சேலைத் தொட்டில் ஆடியது. அதன் பக்கத்தில் அவர் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, இன்னும் வெளுப்பாக இருந்தாள்.

"அக்கா, கருங்கிடா ஒண்ணு நேர்ந்து விட்டிருந்தீங்களா?"

"ஆமா. போயிருச்சு."

"எங்க போச்சு?"

"சாமி எடுத்துக்கிட்டாரு," என்றார். சொல்லும்போது ஒரு நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பக்குவமாகப் பேசத் தெரியாது. "சாமி எடுக்கலக்கா. சிறுத்த எடுத்திருக்கு," என்று சொல்லி, பாலிதீன் பையில் வைத்திருந்த மஞ்சள் நூலைக் காட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. மாவுக் கையை முந்தியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அந்த நூலை அவரேதான் மஞ்சளில் நனைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

"டாக்டரம்மா, நீங்க ஏசுவக் கும்பிடுத வேதக்காரவிய. ஒங்களுக்கு இது வெளங்காது," என்று ஆரம்பித்தார். "என் மவ பிள்ளயப் பெத்துட்டு ரத்தம் நிக்காம கெடந்தா. பெரியாஸ்பத்திரியில கையெழுத்துப் போடச் சொல்லிட்டாவ. நான் வராந்தாவுல நின்னுக்கிட்டு மாடன்ட்ட கேட்டேன். ஒரு உயிரு தாரேன், என் மவ உயிரக் குடுன்னேன். குடுத்தாரு. கொடைக்கு முன்னாலயே அவரா வந்து எடுத்துக்கிட்டாருன்னதும் எனக்கு நெஞ்சுல இருந்த பாரமே எறங்கிட்டு. இப்ப சிறுத்தன்னு சொல்லுதீய. அப்ப என் கடன் அப்படியேதான நிக்கி? என் பிள்ளைக்கு எதும் ஆச்சுன்னா நான் எங்கன போயி முட்டுவேன்?"

உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற திமிர் இருந்ததே, அது அந்த வாசலில் காலடியில் கிடந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூண்டுக்குள் முகம் திருப்பிக் கிடந்தவளை என்னால் மறக்க முடியவில்லை.

"அக்கா, அதுவும் பிள்ள பெத்தவதான். பால் கட்டிக் கல்லாக் கெடக்கா. குட்டி எங்கயோ பட்டினி கெடக்கு. இங்கனதான் எங்கயோ கெடக்குன்னு நெனைக்கேன்."

"எம்மா," என்று உள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். "காலையில இருந்து கோயிலுக்குப் பொறத்தால பூனக்குட்டி கத்துதுன்னு சொன்னேம்லா?"

"ஏட்டி, வாய மூடு!" அக்கா சீறினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு நொடியில் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டவராகக் கேட்டார். "குட்டி அங்கன கெடைச்சா, தாயையும் அங்கனதான கொண்டாந்து விடுவீய?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஆமாக்கா," என்றேன்.

அவர் தொட்டிலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கதவு பலகைக் கதவுதான், கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ரேஞ்சர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மகள் மட்டும் மெல்ல, "பால் கட்டுனா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்மா," என்றாள்.

அக்கா படியிறங்கினார். "வாங்க," என்றார். இரண்டடி நடந்துவிட்டு நின்றார். "ஒண்ணு மட்டும் எனக்காவச் செய்யுங்க. கொடை முடியுத வரைக்கும் என் கிடாவ ஒங்க சிறுத்தக் கணக்குல ஏத்தாதீய. நான் மொதல்ல அவருட்டப் பேசணும்."

"ஏத்தமாட்டேன்," என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் ஒரு பழைய மருதமரம். அதன் வேர்கள் கரையைப் பிளந்து நின்றன. அவற்றின் மேல் தாழம்புதர் மூடியிருந்தது. காற்று ஓய்ந்த இடைவெளியில் எனக்கே கேட்டது. பூனைக்குட்டியின் கத்தலைவிடக் கரகரப்பான சத்தம். டார்ச் வெளிச்சத்தில் வேருக்கு உள்ளே இரண்டு கிடந்தன. ஒன்று எங்களைப் பார்த்துச் சீறியது. மற்றது தலையைத் தூக்க முயன்று, முடியாமல் கீழே போட்டுவிட்டது. நான் கையை நீட்டவில்லை. மனித வாடை படக் கூடாது. ஆண்டவரே, தாமதமாகிவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ரேஞ்சர் மேலதிகாரியிடம் போனில் பேசினார். இந்தத் தடவை அவர் எழுந்து நிற்கவில்லை, "இதோ சார்" என்றும் சொல்லவில்லை. "குட்டி இருக்கு சார். இங்கதான் விடணும். நான் பொறுப்பு," என்றார். அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

கூண்டு வண்டி ஊருக்குள் நுழைந்ததும் ஆட்கள் மறித்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் உரக்கடை அண்ணாச்சி. "இங்கன கொண்டாந்து அவுத்துவிடத்தான் கூண்டு வச்சீயளோ? பிள்ளகுட்டி இருக்க ஊருவே இது!" அவர் கேட்டதில் தப்பே இல்லை. விட்ட சிறுத்தை எந்தப் பக்கம் பாயும் என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியாது.

அக்கா வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, இந்த ஊர்லயே பச்சப்பிள்ள என் வீட்லதான் கெடக்கு. கோயிலுக்கு அடுத்த வீடும் என் வீடுதான். நான் விடச் சொல்லுதேன். ஒங்களுக்கு என்ன வந்துச்சு? எல்லாரும் வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்துங்க."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "எதும் ஆச்சுன்னா…" என்று இழுத்தவர், முடிக்காமலே திரும்பி நடந்தார். ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

மருதமரத்துக்குப் பக்கத்தில் கூண்டை இறக்கி, கதவில் கட்டிய கயிற்றை ஜீப்புக்குள் கொண்டுவந்தோம். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் கயிற்றைப் பைய இழுத்தார். கதவு உயர்ந்தது. சிறுத்தை வரவில்லை. பிறகு தலை தெரிந்தது, நான் போட்ட தையல் தெரிந்தது. சத்தமே இல்லாமல் இறங்கி மண்ணை மோந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குள் குழந்தை வீறிட்டு அழுதது.

சிறுத்தை வெடுக்கென்று தலையைத் திருப்பியது. காதுகள் வீட்டுப் பக்கம் நிமிர்ந்தன. உடம்பு விறைத்தது. ரேஞ்சரின் கை துப்பாக்கிக்குப் போனது. அதில் இருந்தது மயக்க ஊசி. அது வேலை செய்வதற்குள் சிறுத்தை வாசலுக்கே போய்விடும். எல்லாம் நாசமாயிற்று, நான்தான் காரணம் என்று நினைத்தேன். உள்ளே தாய் பிள்ளையைப் பாலுக்குப் போட்டிருப்பாள். அழுகை சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் வேருக்கு அடியிலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

சிறுத்தை திரும்பித் தாழம்புதருக்குள் நுழைந்தது. அதன் பிறகு இருட்டும் காற்றும்தான். நாங்கள் ஜீப்பிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எந்தக் கதவும் திறக்கவில்லை.

விடிந்ததும் வேருக்கு அடியில் பார்த்தோம். காலி. சாரல் நனைத்த கால்வாய்க் கரையில் தாயின் தடம் அச்சு மாதிரி பதிந்திருந்தது. குட்டியின் தடம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பலவீனமான குட்டியின் நினைவு வந்தது. ரேஞ்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் காட்டிக் காட்டிப் பார்த்தார்.

"மலப் பக்கம் போன தடம் ரெண்டு மேடம். திரும்பி வந்த தடம் ஒண்ணு," என்றார்.

ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பி வந்திருக்கிறாள். இரண்டாவதையும் கவ்விக்கொண்டு போயிருக்கிறாள். செத்த குட்டிக்காக எந்தத் தாயும் அத்தனை தூரம் திரும்பி வரமாட்டாள் என்று நான் நம்ப விரும்பினேன். ரேஞ்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்து வந்த கூட்டத்தில் கூண்டுகளை நிறுத்திவைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். கூண்டில் விழுந்தவற்றின் வயதையும் ஆண் பெண்ணையும் சொல்லித்தான் பேசினேன். அந்த வெள்ளை இடத்தைப் பற்றிக் கேட்டபோது, "இன்னும் விசாரிக்கணும்," என்று மட்டும் சொன்னேன். சொன்ன சொல் சொல்தான்.

ஆடிக் கொடைக்கு அக்கா என்னை வரச் சொல்லியிருந்தார். மேளமும் கணியான் கூத்துப் பாட்டும் முழங்க, நான் கூட்டத்துக்கு ஓரமாக நின்றேன். அவர் புதுக் கருங்கிடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு. மகள் பிள்ளையோடு பின்னால் வந்தாள். உரக்கடை அண்ணாச்சிதான் கூட்டத்தை விலக்கி வழி பண்ணிக் கொடுத்தார். சாமியாடி வந்து எதிரில் நின்றதும் ஊர் முழுக்கக் கேட்கும்படி அக்கா பேசினார்.

"அய்யா, போன கிடா ஒனக்கு வந்து சேரல. நீதான் எடுத்துக்கிட்டன்னு நெனச்சு நான் நிம்மதியா இருந்துட்டேன். அத ஒரு தாய் தின்னுட்டா. அவளுக்கும் ரெண்டு பிள்ள. அவ மேல கோவப்படாத, என் மேலயும் கோவப்படாத. இந்தா, இது ஒனக்கு."

சாமியாடி அவர் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு குழந்தைக்கும் பூசினார். அக்கா கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்து, தலையை ஒரு தடவை ஆட்டினார்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனதும், மாடன் கோயிலுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளியை வைத்தேன்.